பறக்காத நாலாவது ஆள்

செல்லூரில் ஒரு தறிப் பட்டறையின் வாசலில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. கத்தியது என் நண்பனின் பெயரை. உள்ளே விசைத்தறிகள் இரண்டு வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. என் குரல் என் காதுக்கே வந்து சேரவில்லை. அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி ஒரு தறியின் மேல் குனிந்திருந்தான். கடைசித் தறியிலிருந்து அவனுடைய அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். ஐந்து விரல்களையும் குவித்து வாய்க்கு அருகே கொண்டுபோய்ப் புருவத்தை உயர்த்தினார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார். "சாப்பிட்டேம்மா" என்று கத்தினேன். கேட்டிருக்காது என்று தெரிந்தும் இன்னொரு தடவை கத்தினேன்.

அவர் மகன் பக்கம் கையை ஆட்டினார். அவன் நிமிர்ந்தான். அம்மா இரண்டு விரலைக் கண்ணைச் சுற்றி வட்டமாக வைத்துக் காட்டினார். அது என் மூக்குக் கண்ணாடி. பிறகு போனைப் பிடித்துப் படமெடுப்பதுபோல் ஒரு பாவனை. அதுவும் நான்தான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. தோளுக்கு மேல் ஒரு கையைத் தூக்கி, ஈ ஓட்டுவதுபோல் மணிக்கட்டை இரண்டு முறை சுழற்றினான். போகச் சொல்லு என்று அர்த்தம். தறிச் சத்தத்தில் அவர்கள் பேசிக்கொள்ளும் அந்தக் கை மொழி எனக்குத் தெரியாது, ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தெரியவேண்டியதில்லை. அம்மா சிரித்தார். அதே சிரிப்போடு எதிர்வரிசையில் ஒரு தறியைக் காட்டி, காற்றில் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். அங்கே ஏதோ இழை அறுந்திருக்கிறது. அவன் போய்த் தறியை நிறுத்தினான், முடிச்சுப் போட்டான், ஓட்டினான். ஒரு சொல் கிடையாது.

வாசலில் நின்ற என் தலைக்குள் மட்டும் ஏதோ படபடவென்று திறந்துகொண்டது. எங்கள் குறும்படத்தில் பறக்கிறவளை இங்கே கொண்டுவந்தால் கூரை இடிக்கும். பலசாலி ஒரு அடி எடுத்து வைத்தால் தறி நொறுங்கும். கண்ணுக்குத் தெரியாதவர் எவ்வளவு கத்தினாலும் யாருக்கும் கேட்காது. இந்த இடத்தில் உருப்படியாக ஒன்றைச் செய்யக்கூடியவன் நாலாவது ஆள் ஒருவன்தான்.

எங்கள் படத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மதுரையில் ஒரு சூப்பர் ஹீரோ அணி. மொத்தமும் போனில் எடுத்த குறும்படம். எடுக்கிறதும் வெட்டி ஒட்டுகிறதும் நான். பொறியியல் படித்துவிட்டு, பகலில் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டு, அந்த வேலையில் பாதியில் இதற்குத் தாவிவிடுகிற ஆள் நான். பறக்கும் சக்தி என் சித்தி மகளுக்கு. கல்லூரியில் படிக்கிறாள். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் குப்புறப் படுக்கவைத்து, பின்னால் பச்சைத் துணி கட்டி, முன்னால் டேபிள் ஃபேனை வைத்தால் பறந்துவிடுவாள். பலசாலி என் கல்லூரித் தோழன். திருமங்கலத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவான். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் போய் அவனுக்குச் சட்டைக் கையே போதாமல் போய்விட்டது. மூன்றாவது ஆள் கண்ணுக்குத் தெரியாதவர். அவருக்கு நடிகரே வேண்டியதில்லை. காலி நாற்காலியைக் காட்டிவிட்டு என் குரலைக் கொடுத்துவிடுவேன். அவ்வளவு தோதான சூப்பர் ஹீரோ உலகத்தில் வேறு யாரும் இல்லை.

நாலாவது ஆளுக்குச் சக்தி எதுவும் இல்லை. அது செல்லூர் நண்பன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த மாதிரி அணிப் படங்களில் என் கண் போகிற இடம் அதுதான். வானத்தில் ஆளாளுக்குப் பறந்து அடித்துக்கொள்வார்கள். நான் கீழே ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ஆளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவர் எப்படி இன்னும் சாகாமல் இருக்கிறார்? இவரை எதற்கு அழைத்து வந்தார்கள்? சில படங்களில் அவருக்குக் கோடிக்கணக்கில் பணமும் எந்திரங்களும் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் அவர் எங்கே சாதாரண ஆள்? சிலவற்றில் மூளைக்காரராக்கி மூலையில் கணினி முன்னால் உட்காரவைத்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வருவது இன்னொரு வகையைப் பார்த்து. எதிரிப் படையிலேயே சொத்தையான ஒருவனைப் பார்த்து இவருக்கென்று ஒதுக்கி அனுப்பியிருப்பார்கள். பெரியவர்கள் மலையைத் தூக்கி அடித்துக்கொள்ள, இவர்கள் இரண்டு பேரும் ஓரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகக் குறை சொல்லத் தெரிந்த நான், என் முறை வந்தபோது என்ன செய்தேன்? எங்கள் ஊர்க்காரன் செய்வதைச் செய்தேன். நாலாவது ஆளுக்கு வசனம் எழுதினேன். பறக்க முடியாதா, ஒரு வசனம். தூக்க முடியாதா, இன்னொரு வசனம், கொஞ்சம் நீளமாக. சினிமா பார்த்து வளர்ந்த ரத்தம். ஒருவனிடம் ஒன்றுமில்லை என்றால் அவன் வாயில் வார்த்தையை நிரப்பிவிட்டால் போதும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே தெரியும்.

முதல் திரையிடல் எங்கள் தேவாலயச் சபையின் வாலிபர் கூடுகையில். என் அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை என்பதால் பள்ளி அரங்கமும் புரொஜெக்டரும் எளிதாகக் கிடைத்தன. நண்பனின் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சித்தி மகள் பறந்தபோது கைதட்டினார்கள். திருமங்கலத்துக்காரன் தெர்மோகோல் பாறையைத் தூக்கியபோது விசில் அடித்தார்கள். அதன்பிறகு நண்பன் ஒரு சுவரோரமாக வந்து நின்றான், காமிரா அவன் முகத்துக்குப் போனது, அவன் சொன்னான்: "எனக்குன்னு ஒரு சக்தியும் கெடையாது. என்னை நம்புற சனந்தான் என் சக்தி."

பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடும் அண்ணன் ஒருவர் முன்வரிசையிலிருந்து, குரலை உயர்த்தாமல், நிதானமாகச் சொன்னார்: "அப்ப எலெக்‌ஷன்ல நில்லுப்பா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் திரையில் வந்தாலே சிரிப்பு. வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரித்தார்கள். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு கடைசி வரிசையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவன் அம்மா சிரிக்கவில்லை. மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று பக்கத்தில் கேட்கவும் இல்லை. முந்தானையை மடியில் வைத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணன்மேல் அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்று அவருக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பார்த்தவர்கள் எல்லாரும் "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நானும் அடுத்த படத்துக்கு இன்னும் நீளமாக வசனம் எழுதியிருப்பேன்.

நண்பன் அன்றோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டான். படத்தில் அவன் பேசிய காட்சிகளை வெட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வெட்டிப் பார்த்தேன். படம் சுருக்கமாகவும் விறுவிறுப்பாகவும் இருந்தது. நாலாவது ஆள் இல்லாமலேயே கதை நன்றாக ஓடுகிறது என்றால், அவனை நான் கதையில் வைக்கவே இல்லை, கதைக்கு முன்னால் நிறுத்திவைத்திருக்கிறேன். அவனே அந்த வெட்டிய படத்தைப் பார்த்துவிட்டால், அதன்பிறகு அவன் எங்களோடு சேரவே மாட்டான்.

அதனால்தான் அவன் எங்கள் வீட்டில் விட்டுப்போன ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் செல்லூருக்குப் போனேன். வாசலில் நின்று கத்தினேன். மேலே சொன்னது நடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே சந்துக்கு வந்தான். தலையெல்லாம் பஞ்சுத்தூசி. சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"குடுத்துட்டேல்ல. கிளம்பு."

"மாப்ள, ஒரு யோசனை வந்துச்சுடா. இப்பத்தான். உள்ள நீயும் அம்மாவும் கையில பேசிக்கிட்டீங்கள்ல..."

"உன்னையப் போகச் சொன்னேன். அதப் பாத்து யோசனை வந்துச்சாக்கும்."

"அதத்தாண்டா படத்துல வைக்கப்போறோம். நீ இல்லாம இது நடக்காது."

"முந்தி எடுத்தியே, அதுவும் நான் இல்லாம நடக்காதுன்னுதான் சொன்ன." அவன் சட்டையை உதறினான். "எங்கம்மா பஸ்ஸுல வாரப்ப என்ன கேட்டுச்சு தெரியுமா? ஏண்டா, அம்புட்டுப் பேரும் பறக்குறாக, தூக்குறாக, நீ மட்டும் ஏன் பேசிக்கிட்டே நின்னேன்னு கேட்டுச்சு. அதுக்கு என்ன பதில் சொல்றது? நீ வந்து சொல்லு."

என்னிடம் யோசனை மட்டும் இருந்தது, அதை அப்படியே கொட்டினேன். ஒரு பட்டறை. ஒரு பக்கச் சுவர் இடியப் போகிறது. பலசாலி வெளியே நின்று முதுகைக் கொடுத்துத் தாங்குகிறான், அங்கிருந்து அவனால் நகர முடியாது. பறக்கிறவள் கூரைத் தகடு சரியாமல் மேலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளாலும் விட முடியாது. கண்ணுக்குத் தெரியாதவர் உள்ளே போய்க் கத்துகிறார், ஒருவர் காதிலும் விழவில்லை. உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளாமல் அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

அவன் கேட்டுக்கொண்டே நின்றான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் கேட்டான்: "வசனம் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சந்தான்."

"உள்ள போய்ச் சொல்லிப் பாரு, யாருக்குக் கேக்குதுன்னு பாப்போம்."

அதுவரைக்கும், அந்தக் காட்சிக்கும் மனத்துக்குள் ஒரு வசனம் தயாராகிக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. சத்தம்தான் காட்சிக்கே அடிப்படை என்று நானே சொல்லிவிட்டு, அதற்குள்ளே ஒருவனைப் பேசவைக்கப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டான். முதல் திரையிடலுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

பின்னால் வந்து நின்ற அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்.

"எடுங்கப்பா, வேணாங்கல. ஆனா அன்னைக்கு மாதிரி இவனப் பாத்துச் சிரிக்க விட்றாத. நாலு பேரு முன்னாடி நிப்பாட்டுறன்னா ஒரு வேலையக் குடுத்து நிப்பாட்டு."

அணிக் கதைகளைப் பற்றி நான் இணையத்தில் வாசித்துத் தள்ளிய எதிலும் இவ்வளவு சுருக்கமான திரைக்கதைப் பாடம் கிடைத்ததில்லை. எங்கள் சித்தி வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாங்கள் புதிதாக எழுத ஆரம்பித்தபோது, ஒவ்வொரு காட்சியிலும் நான் கேட்டுக்கொண்டது அதுதான்: இவனுக்கு இங்கே என்ன வேலை?

எழுத எழுத வேறொன்றும் தெரிந்தது. மற்ற மூன்று பேருக்கும் கதவு என்றால் ஒன்றுமே இல்லை. ஒருத்தி அதற்கு மேலே போய்விடுவாள், ஒருவன் உடைத்துவிடுவான், ஒருவர் தெரியாமல் நுழைந்துவிடுவார். நாலாவது ஆளுக்கு மட்டும் கதவு கதவாகவே இருக்கிறது. தட்ட வேண்டும். யாராவது திறக்க வேண்டும். திறந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டும். அந்தப் பக்கம் இருக்கிற மனிதர்கள் கதைக்குள் வருவதற்கு இவன் ஒருவன்தான் வழி. இதைச் சித்தி மகளிடம் சொன்னபோது அவள் பேனாவைக் கடித்துக்கொண்டே, "அண்ணே, இத வசனமா எழுதிராத" என்றாள்.

பட்டறை நண்பனின் மாமாவுடையது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காலை ஆராதனை முடிந்ததும் நாங்கள் நேராக அங்கே போனோம். விடுமுறை நாளென்றும் பார்க்காமல் தறிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நடிக்க வந்திருந்தார்கள். சிலர் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்கள். வேலை செய்கிற மாதிரி வேண்டும் என்று சொல்லி அவர்களைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிப் பழைய சட்டை மாற்றி வரச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நண்பன்தான் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னான். ஒருவரும் கோபிக்கவில்லை.

அன்றைக்கும் ஒரு தப்பு செய்தேன். ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று தறிகளை ஓட்டாமலே எடுக்கச் சொன்னேன். சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், அதுதானே முறை. நண்பன் உள்ளே வந்து கையைத் தூக்கினான். எதிரே நின்ற அவன் அத்தை, "என்னாடா?" என்று வாயால் கேட்டுவிட்டார். மறுபடி எடுத்தோம். இந்த முறை ஒரு பெரியவர், "தம்பி, வெளிய போகச் சொல்றியா, உள்ள தள்ளி நிக்கச் சொல்றியா?" என்றார். மறுபடியும். எல்லாரும் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கல்யாண வீட்டுப் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள்.

"இவங்களுக்கு மறந்துபோச்சா?" என்று நான் நண்பனின் காதில் கேட்டேன்.

"மறக்கல. தறி ஓடலைன்னா கை வராதுடா. வாய் சும்மா இருக்கும்போது எதுக்குக் கை?"

ஓட்டச் சொன்னேன். மாமா ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டார். தரை அதிர்ந்தது. அந்தச் சத்தம் எழுந்த நிமிடத்தில் அத்தனை பேருடைய கைகளும் உயிர் பெற்றன. நான் என்ன சொன்னாலும் இனி யாருக்கும் கேட்காது என்பதால் படப்பிடிப்பே என் கையை விட்டுப் போனது. நண்பன் என்னைப் பார்த்தான். நான் போனைத் தூக்கிப் பிடித்துத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என்னுடைய இயக்கம்.

அவன் வாசலில் நின்றான். உள்ளே ஓடவில்லை. முதலில் கடைசித் தறியைப் பார்த்தான், அம்மாவை. கையைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கினான். கூரை. பிறகு ஒரு விரல். ஒவ்வொருவராக. அம்மா அடுத்த தறிக்குச் சொன்னார், அடுத்தவர் அதற்கடுத்தவருக்கு. தறிகள் உள்ளிருந்து ஒவ்வொன்றாக நிற்க, ஆட்கள் வாசல் பக்கம் நகர்ந்து வந்தார்கள். மேலே உத்தரத்திலிருந்து பஞ்சுத்தூசி வெயிலில் மிதந்து இறங்கிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் போடவில்லை, அது எப்போதும் அங்கே இருப்பதுதான். ஜன்னலுக்கு வெளியே திருமங்கலத்துக்காரன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

நடுவில் அந்தப் பெரியவர் நின்று ஜன்னலைக் காட்டி நண்பனிடம் கையால் ஏதோ கேட்டார். நண்பன் பதிலுக்கு ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான், மற்றொரு கையைத் தூரத்தில் வீசினான், கடைசியாகக் கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தான். பெரியவர் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார். எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. ஏதோ நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து அதையும் வைத்துவிட்டேன். அதன் அர்த்தம் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது திரையிடலும் அதே அரங்கத்தில்தான், ஒரு ஞாயிறு மத்தியானம். இந்த முறை செல்லூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். எங்கள் சபை ஆட்கள் ஒருபக்கம், அவர்கள் ஒருபக்கம். நண்பன் வந்தான், ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே நின்று கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சிரிப்பு கேட்டதும் கிளம்பிவிடலாம் என்று நின்றிருக்கிறான். பிறகுதான் சொன்னான்.

பட்டறைக் காட்சி வந்தது. அரங்கம் முழுக்கத் தறிச் சத்தம். அவன் கையை இறக்கினான், விரலைத் தூக்கினான். ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. முன்வரிசையில் கட்டைக் குரல் அண்ணன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். அதன்பிறகு பெரியவர் ஜன்னலைக் காட்டினார், நண்பன் கையைத் தூக்கி ஆட்டினான், வீசினான், கன்னத்தில் வைத்தான்.

செல்லூர்ப் பக்கம் அப்படியே குலுங்கியது. நான் பயந்துபோனேன். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "என்னாங்க, என்ன சொன்னாரு?" என்று வரிசைக்கு வரிசை திரும்பிக் கேட்டார்கள். ஒரு அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு விளக்க ஆரம்பித்தார்.

"அவரு கேக்குறாரு, யாருடா அது சுவத்துல சாஞ்சுக்கிட்டு நிக்கிறதுன்னு. இவன் சொல்றான், பஸ்ஸுல கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு வாரவன், வெளியூரு, பாவம், நிக்கட்டும்னு."

அதைக் கேட்டு எங்கள் பக்கமும் சிரிப்பில் விழுந்தது. முதல் சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாவது சிரிப்பு. கட்டைக் குரல் அண்ணன் எழுந்து, "தம்பி, அந்த எடத்த மட்டும் இன்னொருக்காப் போடு" என்றார். போட்டேன். இந்த முறை இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தார்கள். நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவன் அம்மா சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் இருந்தவர்களுக்குக் கையை ஆட்டி ஆட்டி அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கே நேரம் சரியாக இருந்தது.

கதவு திறந்து நண்பன் உள்ளே வந்து சுவரோரமாக நின்றுகொண்டான். படம் முடியும்வரை போகவில்லை.

வெளியே தேநீரும் பன்னும் கொடுத்தார்கள். திருமங்கலத்துக்காரன் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நெரிப்பதுபோல் பிடித்தான்.

"ஏண்டா, சுவத்தத் தாங்கிக்கிட்டு முதுகு ஒடிய நிக்கிறேன். என்னையா பாவம்ன?"

"பாவந்தானடா. நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய வந்து டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்ன."

சித்தி மகள் பன்னைப் பிய்த்துக்கொண்டே இடையில் வந்தாள். "எல்லாம் சரிண்ணே. ஆனா ஒண்ணு கேக்கவா? இப்ப அந்தக் கைப்பேச்சுதான் இவரோட பவரு. அப்ப இவரும் நம்மள மாதிரிதான ஆயிட்டாரு? பவரு இல்லாதவரு எங்க?"

அவள் கேட்டது சரி. மூளையைக் கொடுக்கிறார்கள், எந்திரத்தைக் கொடுக்கிறார்கள் என்று மற்றவர்களைக் குறை சொன்ன நான், கையைக் கொடுத்திருக்கிறேன்.

நண்பன்தான் பதில் சொன்னான். "எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பவருன்னா ஒருத்தனுக்கு இருக்கணும், மத்தவனுக்கு இருக்கக் கூடாது. இது அப்பிடியா? நீ பத்து நாளு பட்டறைக்கு வா, ஒனக்கும் வந்துரும்."

"அப்ப பறக்குறதுக்கும் எங்க தெருவுல கிளாஸ் எடுக்குறேன், வாங்க."

அவன் சிரித்தான். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்த்துச் சொன்னான்: "ஆனா புள்ள கேட்டதும் நாயந்தான். அடுத்த கதையில எனக்கு இதுவும் வேணாம்."

"எதுவும் இல்லாம என்னடா பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் கேக்குறேன். நான் போறேன், முயற்சி பண்றேன், ஒண்ணுக்கும் ஆகல. தோத்துட்டேன். அதுக்கப்புறமும் இவங்க மூணு பேரும் என்னையச் சேத்துக்கிறாங்களா இல்லையா? ஒவ்வொரு தடவையும் ஒரு வேலைக்கு ஆனாத்தான் அணியில இருக்கலாம்னா, அதுக்குப் பேரு அணியாடா? தறி மாதிரி ஆயிரும். ஓடுனா வச்சுக்கிறது, இல்லைன்னா எடைக்குப் போடுறது."

திருமங்கலத்துக்காரன் அவன் கழுத்திலிருந்து கையை எடுத்துத் தோளில் வைத்தான். ஒரு வேலையைக் கொடுத்து நிப்பாட்டு என்று அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு படத்தை முடித்தேன். மகன் அதற்கு அடுத்த படியில் போய் நிற்கிறான். அவன் கேட்பது கதைக்காக மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வசனத்தில் தோற்று, சிரிப்பு வாங்கி, போனை எடுக்காமல் கிடந்த நாட்களில், யாராவது தேடி வருவார்களா என்று அவன் பார்த்திருப்பான். சட்டையை எடுத்துக்கொண்டு நான் போனேன். நல்லவேளை போனேன். ஆனால் ஒரு யோசனை கிடைத்ததால்தான் அங்கே நின்றேனா, யோசனை வராவிட்டாலும் நின்றிருப்பேனா என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கதையை நான் எழுதியாக வேண்டும்.

இப்போது நாங்கள் அலங்காநல்லூர் பக்கம் அறுப்பு முடிந்த வயல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். சித்தி மகளின் தோழி வீட்டு நிலம். அடுத்த உழவு தொடங்கும் வரைக்கும் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கதை இவ்வளவுதான் இருக்கிறது: வேலை முடிந்துவிட்டது, எதிரி போய்விட்டான், மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நாலாவது ஆள் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை, உதவப் போய்க் காலைச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். வரப்பில் நொண்டிக்கொண்டு வெகுதூரம் பின்னால் வருகிறான். பறக்கத் தெரிந்தவள் நடக்கிறாள். பலசாலி அவனைத் தூக்கப் போக, வேண்டாம் என்கிறான். எனவே எல்லாரும் அவன் வேகத்திலேயே நடக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதவரும் நடக்கிறார் என்பதைக் காட்ட வைக்கோலின்மேல் கால் பதியவேண்டும். அதை எப்படி எடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. வைக்கோலில் மீன்பிடி நரம்பைக் கட்டி இழுத்துப் பார்க்கலாம் என்கிறான் நண்பன். வருகிற ஞாயிறு, முதல் பஸ்ஸில் போய் இழுத்துப் பார்க்கப்போகிறோம்.